அடைப்பு

காய்ச்சல் வந்தது ஐப்பசியில்.
முடி கொட்டத் தொடங்கியது தையில்.
இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட
எனக்குத் தோன்றவில்லை.
லாரித் தண்ணியைச் சொன்னேன்,
பொங்கலுக்கு வாங்கிய ஷாம்பு பாக்கெட்டைச் சொன்னேன்.
திருஷ்டி என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டேன்.
மிளகாய் நெடி வந்தது.
முடியும் வந்தது, தலையணையில்,
சோற்றில், மகனின் சட்டைப் பொத்தானில்.

காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை.
வலைத்தொப்பிக்கு மேல் இன்னொரு வலைத்தொப்பி போட்டேன்.
"ஒத்த முடி போதும், கன்டெய்னரே திரும்பி வந்துடும்"
என்பார் சூப்பர்வைசர் எத்திராஜ்.
இறாலின் மீசையை
என் முடியென்று பயந்து
எத்தனை முறை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்!

ஸ்டான்லியில் தோல் ஓ.பி. டோக்கன் நூற்றுப் பதினேழு.
டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்.
ஒரு கொத்தை விரலிடுக்கில் பிடித்து
மெல்ல இழுத்தாள்.
பதினொன்று.
வெள்ளைத் தாளில் வைத்து வேர்நுனியைக் காட்டினாள்,
நொய் அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.
"இது நோயில்லக்கா. வளர்றத நிறுத்திட்டு
ஓய்வுக்குப் போன முடி. இப்ப விழுது.
மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் எதுனா?"

பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம்.
ஒரே கட்டிலில் இரண்டு பேர்.
பக்கத்தில் படுத்தவளின் கால்விரல் மோதிரம்
இரவெல்லாம் என் கன்னத்தருகே.
"ஆமாம்" என்றேன்.

திரும்பும்போது கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
சரக்கு வண்டி, முடிவே இல்லாமல்.
ஷேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி, தண்ணி லாரி,
பறையோடு வந்த ஒரு சாவு ஊர்வலம்கூட
அடி நிறுத்திக் காத்திருந்தது.
கேட் தூக்கியதும்
அத்தனையும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.
நான் ஆட்டோவுக்குள்ளேயே சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
ஒன்று ஒன்றாய்ப் போக வேண்டியவைதான்.
காய்ச்சல் கேட் போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடி பாத்ரூம் அடைத்துக்கொண்டது.
நாலு வீட்டுக்கு அது ஒன்றுதான்.
கணுக்கால் வரை சோப்புத் தண்ணி.
"எவ வூட்டு முடிடீ இது?" என்று கத்தியபடி
பிலோமினா கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டாள்.
நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.
சொல்லிவிடலாமா?
வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது,
ஒரு பூனைக்குட்டி அளவுக்கு.
வராந்தா வெயிலில் போட்டாள்.

மருதாணிச் சிவப்பு, அது சபீனா அக்கா.
பாதி நரைத்த நீளம், கோடி வீட்டு தேவகிருபை.
சுருள் சுருளாய் இருந்ததைப் பார்த்து
பிலோமினாவே வாயை மூடிக்கொண்டாள்.
என்னுடையது எதுவென்று
எனக்கே தெரியவில்லை.
தண்ணி நின்ற அந்த மழைக்கு
ஒரே கொசு நாலு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறது.

பிலோமினா தலைத்துண்டை அவிழ்த்தாள்.
வகிடு, மழைக்குப் பின் விட்ட ரோடு மாதிரி
அகன்று கிடந்தது.
"ரெண்டு மாசமா கோயில்ல
முக்காட்ட எடுக்காம ஒக்காந்திருக்கேன்டி."

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள்.
டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.
கேட்டைப் பற்றியும் சொன்னேன்.
"திரும்ப வருமா?"
"வருமாம். ஆறு மாசம் ஆகுமாம்."
"அந்த கேட்டு என்னிக்கு நேரத்துக்குத் தொறந்துது?"
என்றாள் தேவகிருபை.

அந்த உருண்டையைக் குப்பையில் போட
யாருக்கும் கை வரவில்லை.
கடைசியில் சபீனா அக்காதான்
பழைய தினசரியில் சுற்றி எடுத்துப் போனார்.
எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

கொளக் என்றது குழாய்.
தண்ணி இறங்கியது.
முதலில் யார் குளிப்பது என்று
சண்டை ஆரம்பமானது.

அன்றிரவு சீப்பில் நாற்பத்துமூன்று.
நெற்றியோரம் விரல் வைத்தால்
ஏதோ குத்துகிற மாதிரி இருந்தது.
இறால் மீசையாகவும் இருக்கலாம்.